மூன்றாவது அடி

தாடை எலும்பு உடையும்போது வருவது பெரிய சத்தம் இல்லை. காய்ந்த முருங்கைக் குச்சியை மடக்கினால் வருமே, அவ்வளவுதான். இருபத்திரண்டு வருடம் அவசர சிகிச்சைப் பிரிவில் நர்ஸாக இருந்தும் உடைந்து வந்த தாடைகளைத்தான் பார்த்திருந்தேன். உடைவதைக் காதால் கேட்டது ஒரே ஒருமுறை, துபாயில் அல் குசைஸில், எங்கள் வீட்டுச் சமையலறையில். உடைத்தது என் கை. போலீஸ் பதிவில் ஏறியது என் மகளின் பெயர்.

இரண்டு படுக்கையறை வீடு. என் கணவருக்கு வேலை போய், அவரும் மகளும் என் விசாவில் இருந்த காலம். ஓர் அறையை நாங்கள் வைத்துக்கொண்டு இன்னொன்றை ஒரு தம்பதிக்கு விட்டிருந்தோம். ஷேரிங் என்பார்கள், அனுமதி கிடையாது, ஆனாலும் அந்தக் கட்டடத்தில் பாதி வீடுகள் அப்படித்தான். சமையலறை பொது. அடுப்பில் வலது பக்கம் எங்களுக்கு, இடது பக்கம் அவர்களுக்கு. பிரிட்ஜில் மேல் தட்டு எங்களுக்கு, கீழ்த் தட்டு அவர்களுக்கு. எல்லாவற்றையும் பிரித்துக்கொண்டோம். சுவர் வழியே வந்த சத்தத்தை மட்டும் பிரிக்க முடியவில்லை.

அந்த மனிதர் புதுக்கோட்டைப் பக்கம், அலுமினியம் ஒர்க்‌ஷாப்பில் வேலை. வெளியே பார்த்தால் மரியாதையான ஆள். என்னை "சிஸ்டர்" என்றுதான் கூப்பிடுவார். வாரத்தில் இரண்டு நாளாவது மனைவியை அடிப்பார். முதலில் குரல், பிறகு கட்டில் நகரும் சத்தம், பிறகு அந்தப் பெண்ணின் அடக்கிய முனகல். நாங்கள் டிவியைச் சத்தமாக வைப்போம். மறுநாள் காலை அடுப்படியில் அவளை உட்காரவைத்து உதட்டுக்கு மருந்து போடுவேன். ஒருமுறை காது மடல் கிழிந்திருந்தது. டேப் போட்டு ஒட்டினேன்.

"கொஞ்சம் பொறுத்துப் போ மோளே," என்பேன். "லீவுல ஊருக்குப் போகும்போ பெரியவங்ககிட்டச் சொல்லு."

கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த என் மகள் இதைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். ஒருநாள் கேட்டாள்: "ஹாஸ்பிடல்லயும் கட்டுப் போடுறீங்க, வீட்லயும் கட்டுப் போடுறீங்க. யாரு பண்ணினதுன்னு ஒரு தடவையாவது கேட்டீங்களா அம்மா?"

"நமக்கெதுக்கு மக்ளே? வெளிய சொன்னா ஷேரிங்னு நம்மளையும் சேர்த்துப் புடிப்பாங்க."

அந்த வெள்ளிக்கிழமை என் கணவர் சர்ச்சில் காலைப் பூசைக்குப் போயிருந்தார். டியூட்டியில் எனக்கு அது நல்ல வாரமாக இருக்கவில்லை. அதைப் பிறகு சொல்கிறேன். தோசைக்கல்லை அடுப்பிலிருந்து இறக்கிவைத்து, ஆறட்டும் என்று விட்டிருந்தேன். ஊரிலிருந்து பெட்டியில் துணிகளுக்கு நடுவே சுற்றிக் கொண்டுவந்த இரும்புக்கல், கைப்பிடி வைத்தது. அப்போது அவர் மனைவியின் தலைமுடியைப் பிடித்துச் சமையலறைக்குள் இழுத்துவந்தார். கீழ்த் தட்டில் வைத்த மீன் கெட்டுப்போனதுதான் காரணம். அவள் முகத்தை பிரிட்ஜ் கதவில் அடித்தார். "மோந்து பாரு! மோந்து பாரு!" என்று இன்னொரு முறை அடித்தார். வெள்ளைக் கதவில் மூக்கு ரத்தம் கோடாக இறங்கியது.

என் மகள் நடுவில் போனாள். "அங்கிள், ஸ்டாப்! விடுங்க!" அவர் அவளைப் பார்க்கக்கூட இல்லை. ஒரு கையால் தள்ளினார். அவள் பின்னால் சாய்ந்து கேஸ் சிலிண்டரில் தலை மோதி உட்கார்ந்தாள்.

கல்லின் கைப்பிடி என் கைக்கு எப்படி வந்தது என்று தெரியாது. முதல் அடி அவர் தோளில் விழுந்தது. அவர் மனைவியின் முடியை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். இரண்டாவது அடி அவர் முழங்கையில். அவர் மண்டியிட்டுவிட்டார். ஒரு கையைத் தூக்கி, "சிஸ்டர், போதும்" என்றார். தெளிவாகக் கேட்டது. என் மகளும் "அம்மா, போதும்" என்றாள். மூன்றாவது அடியை நான் அதற்குப் பிறகுதான் அடித்தேன். எங்கே அடிக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். காதுக்குக் கீழே, எலும்பு மெலிந்திருக்கும் இடம். அந்தச் சின்ன சத்தம் கேட்டது. கை முழுவதும் ஒரு சுகம் ஓடியது. அதை நான் பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொன்னதில்லை.

அதன்பிறகு நர்ஸ் ஆகிவிட்டேன். கல்லைப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்து, அவர் மூச்சுக்குழாய் அடைபடாமல் தலையைச் சாய்த்துப் பிடித்து, வாயிலிருந்த ரத்தத்தையும் இரண்டு பற்களையும் விரலால் வெளியே எடுத்தேன். பக்கத்து வீட்டார் கூப்பிட்டு ஆம்புலன்ஸும் போலீஸும் வந்தபோது அவர்கள் பார்த்தது இதைத்தான்: ரத்தம் தோய்ந்த கைகளோடு முதலுதவி செய்யும் ஒரு நர்ஸ். கீழே கிடந்த கல்லை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும் ஓர் இளம்பெண்.

"யார் அடித்தது?" என்று அதிகாரி ஆங்கிலத்தில் கேட்டார்.

"நான்," என்றாள் என் மகள்.

நான் வாயைத் திறந்தேன். அவள் என் பக்கம் திரும்பாமலே தமிழில் சொன்னாள்: "பேசாதீங்கம்மா. உங்க விசாலதான் நாம மூணு பேரும் இருக்கோம். உங்க லைசென்ஸ் போனா எல்லாரும் போகணும். எனக்கு ஒண்ணும் ஆகாது."

என்ன சொல்கிறாய் என்று அதிகாரி அவளிடம் கேட்டார். அம்மா பயந்துபோயிருக்கிறார், ஆறுதல் சொல்கிறேன் என்றாள். அந்த மனிதரின் மனைவியைக் கேட்டார்கள். அவள் என்னை ஒரு கணம் பார்த்துவிட்டு என் மகளைக் கைகாட்டினாள். எனக்கு நன்மை செய்வதாக நினைத்துத்தான் செய்தாள். ஆஸ்பத்திரியில் அவருடைய தாடையைக் கம்பி வைத்துக் கட்டிவிட்டார்கள், பேச முடியாது. அடித்தது அந்த இளம்பெண்தானா என்று கேட்டபோது, மருந்து மயக்கத்தில் தலையாட்டியிருக்கிறார்.

நான் பேசவில்லை. திறந்த வாயை மூடிக்கொண்டேன். இந்தக் கதையில் நான் செய்த பெரிய குற்றம் எது என்று யாராவது கேட்டால், அந்த மூன்றாவது அடி என்று சொல்ல எனக்குத் தைரியம் வராது.

மகளை ஸ்டேஷனில் இரண்டு நாள் வைத்திருந்தார்கள். உள்ளே போர்வைக்காக ஒரு பெண் அவளை அறைந்து உதட்டைக் கிழித்திருந்தாள். வீட்டுக்கு வந்ததும் அவளைச் சமையலறையில் உட்காரவைத்து மருந்து எடுத்தேன். "வேண்டாம்மா, நானே போட்டுக்கிறேன்" என்று மருந்து ட்யூபை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

பிறகு அந்தத் தம்பதி வேறு இடம் போனார்கள். கொஞ்ச நாளில் அவர் மனைவி ஊருக்கே போய்விட்டாள். வழக்கு பெரிதானால் அவர் மனைவியை அடித்ததும் வெளியே வரும், ஷேரிங்கும் வெளியே வரும் என்பதால் அவர் சமரசத்துக்கு வந்தார். என் மகளின் மேல் தனக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை என்று அரபியில் எழுதி, கையெழுத்தும் முத்திரையும் வைத்துக் கொடுத்தார். காயம் பெரிது என்பதால் வழக்கு அதோடு நின்றுவிடவில்லை. ஆனால் சிறை இல்லை, நாடு கடத்தல் இல்லை, அபராதத்தோடு விட்டார்கள்.

"கலாஸ்," என்றார் என் கணவர். இங்கே எல்லோரும் சொல்லும் வார்த்தை. முடிந்தது. நானும் கலாஸ் என்றேன். அந்தக் காகிதத்தை அன்றே கடைக்குக் கொண்டுபோய் லேமினேட் செய்தேன். எங்கள் வீட்டில் முக்கியமான எதுவும் பிளாஸ்டிக் போடாமல் இருக்காது. ஞானஸ்நானச் சான்றிதழ், என் நர்சிங் சான்றிதழ், மகளின் மதிப்பெண் பட்டியல், எல்லாம் ஒரே உறைக்குள். பளபளவென்று இருந்த அந்தக் காகிதத்தையும் அவற்றோடு வைத்தேன். இனி ஈரம் படாது, கிழியாது என்று நிம்மதியாக இருந்தது.

நான்கு வருடம் கழித்து, மழலையர் கல்வியில் பட்டம் முடித்த என் மகளுக்கு ஒரு பள்ளியில் கேஜி ஆசிரியை வேலை கிடைத்தது. போலீஸ் நன்னடத்தைச் சான்றிதழ் மட்டும் கொண்டுவரச் சொன்னார்கள். விண்ணப்பித்தாள். சான்றிதழில் வழக்கு வந்திருந்தது. உடல் காயம் விளைவித்த குற்றம். மூன்று நான்கு வயதுப் பிள்ளைகளோடு இருக்கப்போகிறவளின் பெயருக்கு நேராக.

பள்ளியிலிருந்து மிக மரியாதையாகப் பேசினார்கள். அவள் "புரியுது, தேங்க்யூ" என்று போனை வைத்துவிட்டு, அறைக்குள் போய்க் கதவைச் சாத்தாமல் படுத்துக்கொண்டாள். ஸ்டேஷனிலிருந்து வந்த நாளிலிருந்து அவள் எந்தக் கதவையும் சாத்துவதில்லை. என் சான்றிதழ் ஒவ்வொரு முறையும் சுத்தமாகத்தான் வருகிறது.

மறுநாள் உறையை எடுத்துக்கொண்டு நான் வழக்கமாகப் போகும் டைப்பிங் சென்டருக்குப் போனேன். விசா, எமிரேட்ஸ் ஐடி, எதுவானாலும் அரபியில் அடித்துத் தரும் இடம். அங்கே இருப்பவர் காயல்பட்டினத்துக்காரர். பாய் என்றுதான் கூப்பிடுவேன்.

"சிஸ்டர், பைன் கட்டினா கேஸு முடியும். பதிவு முடியாது. அது வேற, இது வேற," என்றார். "இதுக்குத் தனியா கோர்ட்டுல மனு போடணும். இவ்வளவு காலம் ஒழுங்கா இருந்திருக்காங்கன்னு பாத்து பதிவ மூடி வைப்பாங்க. அப்புறம் வேலைக்குக் கேக்குற சர்டிபிகேட்ல வராது. போன மரியாதையைத் திருப்பிக் குடுக்குறதுன்னு அரபில பேரு. கேட்டா குடுப்பாங்க. நம்மாளுங்க கேக்குறதில்ல, கலாஸ்னுட்டுப் போயிடுறாங்க."

நான் குரலைத் தாழ்த்தினேன். "பாய், அடிச்சது அவ இல்லன்னா?"

அவர் விரல்கள் கீபோர்டில் நின்றன. கண்ணாடிக் கதவைப் பார்த்தார், பிறகு என்னை. "சிஸ்டர், நான் அதக் கேக்கல. நீங்களும் சொல்லல. அப்படி யாராச்சும் போய்ச் சொன்னாங்கன்னா, பொய் சொன்னதுக்கு அந்தப் புள்ளைக்கு ரெண்டாவது கேஸ். ஒண்ண மூடப் போயி இன்னொண்ணத் தொறந்துட்டு வருவீங்க. பேப்பரக் காட்டுங்க."

லேமினேட் செய்த காகிதத்தைக் கொடுத்தேன். அவர் அதைத் தட்டிப் பார்த்தார். டக் டக் என்றது.

"யாரு இப்படிப் பண்ணினது?"

"நான்தான்."

"முத்திரை மேல பிளாஸ்டிக் போட்டா ஒரிஜினல்னு எடுத்துக்க மாட்டாங்க சிஸ்டர். பாஸ்போர்ட்டையும் போட்டிருப்பீங்க போல, விட்டா."

வீட்டுக்கு வந்து அறுவை பிளேடால் ஓரத்தைக் கீறி, சுடுகாற்று காட்டி, தோலை உரிப்பது போல உரித்தேன். முத்திரையின் மை பிளாஸ்டிக்கோடு வந்துவிட்டது. காகிதத்தில் வெறும் நீல நிழல் இருந்தது. என் கணவர் வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போனார். புதுக் காகிதம் வேண்டும் என்றால் ஒரே ஆளிடம்தான் வாங்க முடியும்.

அவருடைய எண் மாறவில்லை. ஷார்ஜாவில் தொழிற்பேட்டைப் பக்கம் ஒரு கஃபட்டேரியாவுக்கு மதிய இடைவேளையில் வரச் சொன்னார். தனியாகப் போனேன். மூலையில் உட்கார்ந்திருந்தார். தாடைக்குக் கீழே வெளுத்த தழும்பு. முகம் ஒருபக்கம் சற்று உள்வாங்கியிருந்தது. பரோட்டாவைப் பிய்த்து டீயில் நனைத்து இடது பக்கமாக மென்றுகொண்டிருந்தார். தகடு வைத்த பக்கத்தில் மெல்ல முடியாது என்று எனக்குத் தெரியும்.

"வாங்க சிஸ்டர். கையில ஒண்ணும் எடுத்துட்டு வரலியே?" என்று என் பையைப் பார்த்துச் சிரித்தார். சிரிப்பு பாதி வாயில்தான் வந்தது. "உக்காருங்க. டீ சொல்லவா?"

விஷயத்தைச் சொன்னேன். வேலை, சான்றிதழ், மனு, லேமினேஷன். லேமினேஷனுக்கு மட்டும் இன்னொரு முறை சிரித்தார்.

"போட்டுத் தர்றேன்," என்றார். "ஆனா ஒண்ணு கேக்கணும். நாலு வருஷமா கேக்கணும்னு இருக்கேன். மொத அடி, உங்க புள்ளயத் தள்ளினதுக்கு. சரி. ரெண்டாவது, என் சம்சாரத்த அடிச்சதுக்கு. அதுவும் சரி, வாங்கிக்கிட்டேன். கையத் தூக்கிப் போதும்னேன். மூணாவது எதுக்கு சிஸ்டர்?"

டீ டம்ளரைத் தொட்டேன், சுட்டது. கையை எடுக்கவில்லை. பொய் சொல்லலாம் என்று பார்த்தேன். நீங்கள் எழுந்துவிடுவீர்கள் என்று பயந்தேன் எனலாம். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த வாரம் வார்டுல ஒருத்தர் என்னை அறைஞ்சார்," என்றேன். யாரிடமும் சொல்லாததை இவரிடம் சொன்னேன். "டாக்டர் வர லேட்டாச்சுன்னு, நோயாளியோட அண்ணன். எல்லார் முன்னாடியும். கண்ணாடி பறந்து போய் விழுந்துச்சு. சூப்பர்வைசர் என்னைய தனியா கூப்பிட்டு, பிரச்சினை வேண்டாம், நீங்களே சாரி சொல்லிருங்கன்னாங்க. சொன்னேன். அடிச்சவன்கிட்ட நான் சாரி சொன்னேன். மூணாவது அடி உங்களுக்கு இல்ல."

அவர் பரோட்டாவைக் கீழே வைத்தார்.

"எனக்கு இல்லாதது எப்படி என் தாடையில வந்து விழுந்துச்சு?"

டீ டம்ளரை ஓரமாக நகர்த்தினேன்.

"நானும் இதத்தான் சொல்வேன் சிஸ்டர், அவகிட்ட. ஒவ்வொரு தடவையும். ஒர்க்‌ஷாப்ல போர்மேன் அம்மாவ இழுத்துத் திட்டுவான், பைப்பால கால்ல தட்டுவான். திருப்பி ஒரு வார்த்தை பேச முடியாது. ரூமுக்கு வந்தா இவ எதாச்சும் கேப்பா. அடிச்சப்புறம், உன்னைய அடிக்கலடின்னு சொல்வேன். அவ நம்பினதே இல்ல." தழும்பைத் தேய்த்துக்கொண்டார். "நீங்க சொல்லி இப்ப நான் நம்பணுமாக்கும்."

 அவர் மேல் வெறுப்பு வரவேண்டும் என்று காத்திருந்தேன். அந்தச் சமையலறையில் பிரிட்ஜ் கதவில் வழிந்த ரத்தத்தை நினைத்துப் பார்த்தேன். வெறுப்பு வந்தது, ஆனால் அவர் பக்கம் மட்டும் போகவில்லை.

"சாரி," என்றேன். இரண்டாவது முறையாக, ஆனால் இம்முறை யாரும் சொல்லச் சொல்லவில்லை.

"அத விடுங்க. உங்க பொண்ணு என்னைய அடிக்கல. அது எனக்குத் தெரியும். நடுவுல வந்து அங்கிள்னு கூப்பிட்ட புள்ள. அதுக்காகத்தான் கையெழுத்து. உங்களுக்காக இல்ல." எழுந்து கை கழுவினார். டாக்ஸி பிடித்து இருவரும் நோட்டரி அலுவலகத்துக்கு ஒன்றாகவே போய், அவர் முன் இருக்கையிலும் நான் பின் இருக்கையிலுமாக, முத்திரை வாங்கினோம். இறங்கும்போது திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "இதையும் லேமினேட் பண்ணிறாதீங்க."

மனு போட்டோம். மகள் எல்லாத் தாளிலும் கையெழுத்துப் போட்டாள். செய்த செயலுக்கு வருந்துகிறேன் என்று பாய் அடித்துவைத்திருந்த ஒரு வரியில் மட்டும் பேனா நின்றது.

"இத நான் சொல்ல மாட்டேன்," என்றாள். "ஒரு தடவை என்னுது இல்லாதத என்னுதுன்னு சொல்லிட்டேன். அது போதும்."

"சிஸ்டர், இது இருந்தா நல்லது," என்றார் பாய்.

"எடுத்துருங்க பாய்," என்றேன். "அவ வருந்த ஒண்ணும் இல்ல."

ஸ்டேஷனிலிருந்து வந்தபிறகு முதன்முறையாக மகள் என்னை நேராகப் பார்த்தாள்.  பாய் பெருமூச்சு விட்டு அந்த வரியை அழித்தார்.

அந்த வாரங்களில் நான் சரியாகத் தூங்கவில்லை. வார்டில் யாராவது கையை வேகமாகத் தூக்கினால் உடம்பு பின்வாங்கியது. என் கையே தூக்கினாலும் அப்படித்தான் இருந்தது. நிராகரித்துவிட்டால் அவள் என்ன செய்வாள், இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவள் எந்த ஊருக்குப் போவாள் என்று கணக்கில்லாமல் யோசித்தேன். ஒரு காலை, டியூட்டிக்குக் கிளம்பும்போது, அவள் போனை நீட்டினாள். புதிய சான்றிதழ். அவள் பெயருக்கு நேராக எதுவும் இல்லை. நான் மூன்று முறை படித்தேன்.

"அப்போ பேப்பர்ல பாத்தா அவரை யாருமே அடிக்கலம்மா," என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

முதலில் கேட்ட பள்ளியில் வேறு ஆளை எடுத்துவிட்டார்கள். இன்னொரு பள்ளியில் கேஜி வகுப்பு கிடைத்தது. போன மாதம் சேர்ந்தாள். வேலையிலிருந்து வந்ததும் சமையலறைக்கு வருவாள். அன்றன்று நடந்ததைச் சொல்வாள். நேற்று பிரிட்ஜில் சாய்ந்து நின்றுகொண்டு சொன்னாள், ஒரு பையன் இன்னொரு பிள்ளையின் கையைக் கடித்துவிட்டானாம். ரத்தம் கட்டும் அளவுக்கு. யார் என்று கேட்டபோது அவன் வாயைத் திறக்கவில்லை. பக்கத்தில் இருந்த சின்னப் பெண் ஒருத்தி, கடித்தவனின் தோழி, கையைத் தூக்கி "நான்தான் மிஸ்" என்றிருக்கிறாள். இப்படி நடந்தால் ஒரு ரிஜிஸ்டரில் பெயர் எழுத வேண்டும். அது பள்ளியை விட்டுப் போகும்வரை அந்தப் பிள்ளையோடு போகும்.

நான் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தினேன். "நீ என்ன செஞ்ச மக்ளே?"

"கடிபட்ட கைக்கு ஐஸ் வச்சேன். அப்புறம் அவனையும் அந்தச் சின்னப் பொண்ணையும் என் பக்கத்துல உக்கார வச்சேன். அவன் வாயத் திறக்குற வரைக்கும் வெயிட் பண்ணினேன். ரொம்ப நேரமாச்சு. அப்புறம் சொன்னான்."

"யாரு பேர எழுதின?"

"யாரு பேரையும் எழுதல," என்றாள். மேல் தட்டிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு அறைக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில், இத்தனை வருடத்தில் முதன்முறையாக, அவள் கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது. நான் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, அது மறுபடி திறக்கிறதா என்று கேட்டுக்கொண்டே நின்றேன். திறக்கவில்லை.